ஏழாம் தொட்டி

தேலாவியில் பிப்ரவரி.
பேருந்து நிறுத்தத்தில் ஒரு பையன் மணி கேட்டான்.
எட்டரை என்று சொல்ல வாய் திறந்தேன்.
எட்டு வந்தது.
அரை வருவதற்குள்
மலைக்காற்று பல்லில் அறைந்தது.

அவன் எட்டு என்று நினைத்து
நிதானமாக நடந்துபோனான்.
பள்ளிக்குத் தாமதமாகியிருக்கும், பாவம்.

பல் மருத்துவர் ஓதியா
சின்னக் குழாயால் ஒவ்வொரு பல்லாக ஊதினார்.
இடது மேல்வரிசையில், கோரைப்பல்லுக்கு அடுத்ததில்
நாற்காலியோடு எழும்பினேன்.
"இங்கே கூரை போய்விட்டது மக்வாலா.
மேலே இருந்த வெள்ளைப் பீங்கான் கரைந்து
உள்ளே மஞ்சள் தெரிகிறது.
அதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் துளைகள்.
ஒவ்வொன்றும் நேரே நரம்பின் வீட்டு வாசலுக்குப் போகிறது."

தொழிலென்ன என்று அவர் கேட்கவில்லை.
ஊருக்கே தெரியும்.
ஒயின் ஆலையில் இருபத்தாறு வருடம்,
அறுவடை முடிந்தால் நாளுக்கு நாற்பது கோப்பை.
புளித்த வெள்ளை ஒயினை
வாயில் சுழற்றி, பல்லிடுக்கெல்லாம் அலசி,
வாளியில் துப்புவேன்.
விழுங்கியிருந்தால் ஈரல் போயிருக்கும்.
துப்பியதில் பல் போகிறது.

"முடிந்ததும் என்ன செய்வாய்?"
தேய்ப்பேன்.
சபெராவி திராட்சை பல்லில் மை பூசிவிடும்.
நீலப் பல்லோடு கடைத்தெருவில் நடக்க முடியுமா?
கழுவுதொட்டியடியிலேயே நின்று
கெட்டித் தூரிகையால்
பாத்திரம் துலக்குவதுபோல் துலக்குவேன்.

ஓதியா கண்ணாடியைக் கழற்றினார்.
"மழையில் ஊறிய மண்சுவரைத்
துடைப்பத்தால் தேய்த்திருக்கிறாய்.
ஒரு மணி நேரம் காயவிட்டால் என்ன?
ஈறும் பயந்து மேலே ஏறிவிட்டது, பார்."
கண்ணாடியில் பார்த்தேன்.
வற்றிய ஏரியில் பாறை தெரிவதுபோல்
வேர்கள்.

நாத்தனார் மகள் கல்யாணத்துக்காகத்
திபிலீசியில் வாங்கிய வெளுப்புப் பசையைப் பற்றி
நான் வாயைத் திறக்கவில்லை.
திறந்துதான் இருந்தது, பேசவில்லை.

பிறகு கடைவாய்ப் பற்களைத் தட்டினார்.
"இவை தட்டையாகிவிட்டன.
இது புளிப்பு செய்த வேலை இல்லை.
இரவில் யாரைக் கடிக்கிறாய்?"

எலி கொறிப்பதுபோல் இருக்கிறதென்று
வக்தாங் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறான்.

"எப்போதிலிருந்து?"

நவம்பர் என்றேன்.
தேதி தெரியும், சொல்லவில்லை.

நவம்பரில் ஏழாம் தொட்டி.
முதல் மிடறில் திராட்சை.
இரண்டாவதில் தண்ணீர்.
மூன்றாவதில் தண்ணீருக்குப் பின்னால்
மூச்சிரைக்க ஓடிவந்த சர்க்கரை.
வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது.
மேலாளர் ஜும்பெர் பேனாவின் மூடியை அவரே கழற்றி நீட்டினார்.
பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.
"நல்ல உடல், நீண்ட பின்சுவை,
எண்பத்தாறு மதிப்பெண்"
என்று நாக்கூசாமல் சொன்னேன்.
இந்தப் பள்ளத்தாக்கிலேயே
பெயர்போன நாக்கு.

ஓதியா சீட்டு எழுதினார்.
மெத்தென்ற தூரிகை.
கோப்பைக்குக் கோப்பை தண்ணீர்.
இரவில் மாட்ட ஒரு வார்ப்பு, இருநூறு லாரி,
தவணையில் தரலாம்.
கூச்சத்துக்கென்று ஒரு பசை:
"இரண்டு மாதம் போடு, துளைகள் அடைபடும்.
கூச்சமெல்லாம் போய்விடும்."

எல்லாமா என்று கேட்டேன்.
பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்,
கேட்கவில்லை.

இன்று திங்கள்.
பதினொன்றாம் தொட்டியிலிருந்து
குளிரக் குளிர ஒரு கோப்பை.
வாயில் வைத்ததும்
நாக்கு நல்லது என்கிறது.
இடது மேல்வரிசையில் ஒன்று
சுரீரென்று எழுந்து நிற்கிறது.

ஜும்பெர் பேனாவை நீட்டுகிறார்.
பசை கைப்பையில் இருக்கிறது,
மூடி பிரிக்காமல்.

கொஞ்சம் பொறுங்கள் என்கிறேன்,
இன்னும் ஒரு வாய்.